அண்ணனின் படகும் நைனாவின் தந்தியும்

கல்கத்தாவில் என் அண்ணன் படகு வலிக்கிறான் என்ற சேதி திருத்தணிக்கு வந்தபோது, அவனுக்கு ஆபீஸ் வேலை போய்விட்டது என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்தார்கள். சிலர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வீட்டுக்கே வந்தார்கள். “படிச்ச புள்ள, இப்படியா ஆவணும்” என்று ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் விவரம் தெரியாமல் அவளோடு சேர்ந்து கொஞ்சம் அழுது வைத்தாள்.

வேலை எங்கும் போகவில்லை. சணல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் விட்டதும், அவன் சாப்பிட்டுத் தங்கியிருந்த மெஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஏரிக்குப் போய், அங்கே ஒரு கிளப்பில் சந்தா கட்டிப் பந்தயப் படகில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தான். இதைக் கடிதத்தில் விளக்கி எழுதிய பிறகு நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, கோபம் இன்னும் அதிகமாயிற்று. வேலை போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

“நம்ம கெணத்துல மாட்டைப் பூட்டித் தண்ணி எறைக்கக் கவலை ஓட்டுடான்னா ஓடிப் போவான். அங்க போயி காசு குடுத்துக் கட்டை வலிக்கிறானாம்” என்று மாட்டிடம் சொன்னார். வீட்டில் யார்மேல் கோபம் வந்தாலும் அவர் மாட்டிடம்தான் சொல்லுவார். மாடு எதிர்த்துப் பேசாது என்பதுதான் காரணம். அம்மா பேசுவாள்.

எங்களுக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நந்தியாற்றில் தண்ணீர் வந்தால் அது அதிசயம், வந்து நின்றால் அதைவிட அதிசயம். தெப்பத் திருவிழாவுக்குக் குளத்தில் சாமி சுற்றி வருவதைத் தவிர, தண்ணீர்மேல் ஒன்று மிதந்து போய் நான் பார்த்ததில்லை. நைனாவுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. பிள்ளைகளில் அண்ணன் மூத்தவன், நான் கடைசி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்கும் அண்ணனுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அவன் ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போனபோது நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

அவனைப் படகில் ஏற்றியவர் அவனுடைய ஆபீஸ் மேலதிகாரி, ஒரு வங்காளி. ஆறடிக்கு வளர்ந்த ஒருவன் கணக்குப் புத்தகத்தின்மேல் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “நீ இங்கே வீணாகிறாய்” என்று சொல்லிக் கூட்டிப்போனாராம். முதல் மாதம் முழுக்கத் தண்ணீரில் விழுந்ததுதான் மிச்சம் என்று அண்ணன் சொன்னான். படகு அவ்வளவு ஒல்லி. தும்மினால் கவிழுமாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் நாலு பேர் வலிக்கும் படகில் முதல் இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டார்கள். அவன் எப்படி வலிக்கிறானோ அப்படித்தான் மற்ற மூன்று பேரும் வலிக்க வேண்டும். அவன் தாளம் தப்பினால் எல்லாரும் தப்புவார்கள்.

ஒரு லீவுக்கு வந்தபோது, அதை எங்களுக்கு வலித்தே காட்டினான். கூடத்துத் தரையில் விளக்கெண்ணெய் தடவி அதன்மேல் சாப்பாட்டு மணையைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு காலையும் சுவரில் உதைத்துக்கொண்டு உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து மார்புவரை இழுத்தான். மணை வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. திரும்ப முன்னால் வந்தது. கையால் வலிப்பதில்லை, காலால்தான் வலிப்பது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“போற பக்கம் முதுகைக் காட்டிக்கினு போறதா? எதிர்ல இன்னா வருதுன்னு எப்படிடா தெரியும்?” என்று அம்மா கேட்டாள்.

“அதுக்குன்னு ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்துகினு இருப்பாரும்மா. அவரு வலிக்க மாட்டாரு. வழி பார்த்துக்கினு சத்தம் போட்டுக்கினே வருவாரு.”

“ஆங், உங்க நைனா மாதிரி” என்றாள் அம்மா.

வாசலில் இருந்த நைனா காதில் விழாதது போல் மாட்டுக்குப் புல் போட்டார். அம்மா அவனுக்கு எதிரே முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, “வலி, வலி” என்று கத்தினாள். நான் அவனுக்குப் பின்னால் இன்னொரு மணை போட்டு ஊதாங்குழலை வலித்தேன். தரையில் தடவிய எண்ணெய் ஒரு மாதம் போகவில்லை. நடக்கிறவர்கள் எல்லாம் வழுக்கினார்கள். அம்மா யாரையும் திட்டவில்லை.

அந்த லீவில்தான் ஒலிம்பிக்ஸ் என்ற வார்த்தையை முதலில் கேட்டேன். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் உலகத்து ஊர்களெல்லாம் கூடும் பந்தயம், அதில் படகும் உண்டு என்றான். எங்களுக்கு ஆடிக் கிருத்திகைதான் தெரியும். வருஷா வருஷம் காவடிகளும் மொட்டைத் தலைகளுமாக ஊர் நிரம்பி வழியும். அதைவிடப் பெரிய கூட்டமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “கூட்டம் இதுதான் பெருசு. தூரம் அது பெருசு” என்றான். போக வேண்டும் என்று அவன் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அவன் முகத்தில் இருந்தது.

அவன் கெட்ட நேரம், அவனுக்கு உடம்பு முறுக்கேறியிருந்த வருஷங்களில்தான் யுத்தம் வந்தது. அந்த வருஷத்து ஒலிம்பிக்ஸ் இல்லை என்றார்கள். நாலு வருஷம் கழித்து நடக்க வேண்டியதும் இல்லை என்றார்கள். நடுவில் கல்கத்தாவில் குண்டு விழுந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சில வாரம் இருந்தான். திரும்பிப் போனால் ஏரியைப் பட்டாளத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படகுகளை எங்கோ கொட்டகையில் அடுக்கிப் பூட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு பஞ்சம். தெருவில் சோற்றுக் கஞ்சி கேட்டுக் குழந்தைகள் கத்துகிற சத்தத்தில் மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினான். அந்த ஒரு வருஷம் அவன் கடிதத்தில் படகு என்ற வார்த்தையே வரவில்லை. விடியற்காலையில் ஓடுவதை மட்டும் விடவில்லை என்று பிறகு சொன்னான்.

யுத்தம் முடிந்து ஏரி கைக்கு வந்தபோது அண்ணனுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. கூட வலித்தவர்களில் பாதிப் பேர் தொந்தி வைத்து விலகிவிட்டார்கள். இளசுகள் வந்து உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த ஒலிம்பிக்ஸ் லண்டனில் என்று செய்தி வந்திருந்தது. அதை விட்டால் அதற்கடுத்ததற்குள் தலை நரைத்துவிடும். கல்யாணப் பேச்சு எடுத்தால், “தங்கச்சிக்கு முடியட்டும், லண்டனும் முடியட்டும்” என்று எழுதுவான்.

அம்மா மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. நச்சரித்துக் கேட்டபின் சொன்னாள். அவன் லண்டன் போனால் காவடி எடுப்பதாகவும், போகாமல் இருந்தால் முடி கொடுப்பதாகவும் வேண்டிக்கொண்டாளாம். கப்பலேறிப் போகிற பிள்ளை திரும்பி வருவானோ என்ற பயம் ஒரு பக்கம், ஆசைப்பட்டதை அடையட்டும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். “சாமி எந்தப் பக்கம்னு கொழம்பிடப் போறாரு” என்றேன். “அவருக்கே ரெண்டு பொண்டாட்டி, சமாளிப்பாரு” என்றாள்.

சுதந்திரம் வந்த வருஷத்து மாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பள்ளிப்பட்டுக்காரர், தூரத்து உறவு, முன்பிருந்தே எனக்குப் பாவா, கட்டிக்கொள்ளும் முறை. நாள் குறித்து அண்ணனுக்கு எழுதினோம். பதில் வந்தது. அதே வாரத்தில் பெரிய பந்தயம் இருக்கிறது, இந்த வருஷம் விட்டால் இடம் போய்விடும், கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தான். பள்ளிப்பட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக் கைபிடித்து மணைக்கு அழைத்துவரப் பெண்ணோடு பிறந்தவன் வேண்டும். இருக்கிறவன் ஒரே ஒருவன்.

நைனா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். அந்தக் காலத்தில் தூரதேசத்தில் இருக்கும் பிள்ளையை வரவழைக்க எல்லா வீட்டிலும் ஒரே வழிதான் தெரியும். “அம்மா சீரியஸ். உடனே புறப்படு.” எத்தனையோ அம்மாக்கள் இப்படித் தந்தியில் சாகக் கிடந்து, பிள்ளை வந்து இறங்கியதும் எழுந்து வடை சுட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க, நிலம் பதிய, பங்காளிச் சண்டை தீர்க்க, எல்லாவற்றுக்கும் அம்மாதான் சீரியஸ் ஆக வேண்டும். அப்பாவை யாரும் சீரியஸ் ஆக்குவதில்லை. தந்தி அடிக்கிறவர் அவர்தானே.

அம்மாவுக்குத் தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டாள். “நான் நல்லா இருக்கசொல்லவே என்னைப் பாடையில ஏத்திட்டியா? மனுஷனா நீ?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, பொய்யாகச் சாவு சொன்னால் ஆயுசு கெட்டி என்று சமாதானம் சொன்னாள். நைனா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா, ஒனக்கு நல்லதுதான் பண்ணிக்கிறேன்” என்றார்.

அண்ணன் வந்து இறங்கியபோது அம்மா ஆட்டுக்கல்லில் கல்யாண இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே வந்த முகம், தாடி வேறு. வாசற்படியில் நின்று அவளையே பார்த்தான். கத்துவான், பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவான் என்று எதிர்பார்த்தோம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, “உளுந்து சரியா ஊறலையேம்மா” என்றான். அவ்வளவுதான். நைனாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டான், பந்தியில் பரிமாறினான், என் கையைப் பிடித்து வண்டியேற்றிவிட்டு அழுதான். நைனாவுக்குப் பெரிய வெற்றி. பிள்ளை நன்றாக ஏமாந்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே அவன் இடத்தில் வேறொருவனை உட்கார வைத்து வலித்தார்கள். அந்தப் படகு ஜெயித்தும் விட்டது. ஜெயித்த படகில் ஆள் மாற்றுவார்களா? அண்ணன் திரும்பிப் போய் ஒரு வருஷம் மாற்று ஆளாகக் கரையில் நின்றான். வயதில் சின்னவர்கள் வலித்துவிட்டு வந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பானாம். இதை எங்களுக்கு எழுதவில்லை. பிறகு அவனுடைய சிநேகிதர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. லண்டனுக்கு அப்போது சில மாதமே இருந்தது. வரப்போகும் மாசிப் பந்தயத்தில் ஜெயிக்கிற படகை லண்டனுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்தில் கேட்கப் போவதாகக் கிளப்பில் பேச்சு என்று எனக்கு எழுதினான். பேச்சுத்தான், உறுதி இல்லை என்றும் எழுதியிருந்தான். “ஆனாலும் அம்மாவிடம் சொல்” என்று கடைசியில் ஒரு வரி.

பள்ளிப்பட்டிலிருந்து வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போதே அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தோம். இறங்கவில்லை. நான் பள்ளிப்பட்டுக்குத் திரும்பாமல் கூடவே இருந்தேன். அரக்கோணத்திலிருந்து டாக்டரை அழைத்து வந்தோம். விஷ ஜுரம் என்றார். அதற்கான மருந்தெல்லாம் அப்புறம்தான் வந்தது. அப்போது இருந்தது ஐஸ் ஒத்தடமும் பார்லித் தண்ணீரும்தான். போகும்போது நைனாவை வெளியே கூப்பிட்டு, “பையன் எங்க இருக்கான்? வரவழைச்சிடுங்க” என்றார்.

நைனா தபாலாபீசுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். வந்து கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கேட்டார், “அடிச்சிட்டீங்களா மாமா?”

“அடிச்சிட்டேன். ஆனா சீரியஸ்னு போடலை.”

“ஏன்?”

“போன தடவை அப்படித்தானே போட்டோம். இந்தத் தடவையும் அதையே போட்டா, நைனா வேலையைக் காட்டறாருன்னு வரவே மாட்டான். பொய் சொல்றவன்தான் கத்திச் சொல்லுவான். நெஜத்தை மெதுவா சொன்னா நம்புவான். அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, லீவு கெடைச்சா வரவும்னு அடிச்சிக்கிறேன். அதைப் பார்த்ததும் புரிஞ்சிக்குவான். சும்மா இருந்தா இவரு இப்படி அடிக்க மாட்டாரேன்னு ஓடியாருவான்.”

“நல்ல யோசனை மாமா” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மாமனார் சொல்வதெல்லாம் நல்ல யோசனை.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த யோசனை அது. சந்தையில் மாடு பிடிக்கப் போனால், ஆசைப்படுகிற மாட்டைக் கடைசியில்தான் விலை கேட்பார். வேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டால் கிடைக்காது என்பது அவர் ஆயுசுக்கும் கற்ற பாடம். அதைத்தான் பெற்ற பிள்ளையிடமும் செய்தார்.

கல்கத்தாவிலிருந்து பதில் இல்லை. பதில் இல்லையென்றால் புறப்பட்டுவிட்டான் என்று அர்த்தம் என்றார் நைனா. அரக்கோணத்திலிருந்து எந்த வண்டி வந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். இறங்குகிறவர்கள் எல்லாம் மலைக்குப் போகிற ஜனங்கள். எல்லாரும் போன பிறகும் நின்று பார்த்துவிட்டு வருவார். இன்னொரு தந்தி அடிக்கலாம் என்று நான் சொன்னேன். “வண்டியில வந்துகினு இருக்கிறவனுக்கு எங்கடி தந்தி அடிக்கிறது?” என்று சீறி விழுந்தார்.

அம்மாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவு வந்தபோதெல்லாம் அவனைத்தான் கேட்டாள். ரயில் ஊதுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டால் கண்ணைத் திறந்து, “அரக்கோணம் தாண்டிட்டான்” என்பாள். “ஆங், தாண்டிட்டான்மா” என்பேன். கடைசியாகப் புத்தி தெளிவாகப் பேசியது சனிக்கிழமை சாயங்காலம். “அவன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டா போதும். அப்புறம் லண்டன் போவட்டும், எங்கயாச்சும் போவட்டும்” என்றாள். வாசலைப் பார்த்துத் திரும்பிப் படுக்க வைக்கச் சொன்னாள். வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மாசி வெயிலில் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? சாயங்காலம் வரை வைத்திருந்தோம். மத்தியானத்து வண்டிக்கும் நைனா ஆள் அனுப்பிப் பார்த்தார். கடைசியில் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். அதே சாயங்காலம், கல்கத்தா ஏரியில், அண்ணன் முதல் இடத்தில் உட்கார்ந்து வலித்த படகு அரைப் படகு தூரத்தில் ஜெயித்தது. கரையில் ஆட்கள் வலித்தவர்களைத் தோளில் தூக்கி ஆடினார்களாம். அண்ணன் அதற்கெல்லாம் நிற்காமல், கோப்பையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மெயில் வண்டியைப் பிடித்துவிட்டான். நாங்கள் அடித்த சாவுத் தந்தி மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் ஒரிஸ்ஸாவைத் தாண்டியிருப்பான்.

செவ்வாய்க்கிழமை வந்தான். ஸ்டேஷனில் ஜட்காக்காரன் அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை ஏற்றினானாம். தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். வாசலில் போட்ட தென்னங்கீற்றுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கூடத்தில் அம்மா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கொஞ்சம்னுதானே போட்டிருந்தது” என்றான். “லீவு கெடைச்சா வான்னுதானே போட்டிருந்தது?”

நான் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் அழவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். குளிக்கச் சொன்னால் குளித்தான். அம்மாவுக்கு ஒரு வெள்ளைப் புடவை வாங்கி வந்திருந்தான், அந்த ஊர் வழக்கப்படி அகலமான சிவப்புக் கரை போட்டது. கருமாதியன்று அதைப் படையலில் வைத்தோம். கொள்ளி வைத்த பெரியப்பா மகனோடு சேர்ந்து அண்ணனும் மொட்டை அடித்துக்கொண்டான்.

லண்டனுக்கு அந்த வருஷம் நம் தேசத்திலிருந்து படகே போகவில்லை. ஹாக்கிக்காரர்கள் போனார்கள், ஓடுகிறவர்கள் போனார்கள், படகு போகவில்லை. கிளப்பில் கேட்டார்களா, கேட்டு மறுத்துவிட்டார்களா, அதுகூட எங்களுக்குத் தெரியாது. அண்ணன் அதை விசாரிக்கவும் இல்லை. கருமாதி முடிந்து திரும்பிப் போனவன் ஏரிப் பக்கமே போகாமல் வேறு மெஸ்ஸுக்கு மாறிவிட்டான். கொஞ்ச காலத்தில் மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளைகள் பெற்றான். பீச்சுக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்டல் தின்பான். பத்து வருஷம் துடுப்பு வலித்தவன் என்று அவன் பிள்ளைகளுக்கே வெகுநாள் தெரியாது.

அவன் லண்டன் போகவில்லையே என்று எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பந்தயத்தில் தோற்றவர்கள் உலகத்தில் நிறைய. என் மனசைவிட்டுப் போகாமல் இருப்பது கருமாதிக்கு மறுநாள் கிணற்றடியில் நடந்த பேச்சுத்தான்.

அன்றைக்கு மத்தியானம் நைனா கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அப்பனும் பிள்ளையும் அத்தனை நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. நைனா மாட்டை நிறுத்தினார். வழக்கம்போல் மாட்டிடம்தான் ஆரம்பித்தார், “நான் இன்னா பண்ணட்டும்? நல்லதுன்னு நெனைச்சுத்தானே பண்ணேன்” என்று. பிறகு மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லுடா. சீரியஸ்னு அடிச்சிருந்தா நீ நம்பியிருப்பியா?”

அண்ணன் பாதி பதிலோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் மீதியை விழுங்கியிருந்தால் கிழவர் மனசு பிழைத்திருக்கும். ஆனால் அவனுக்கு அது வரவில்லை.

“நம்பியிருக்க மாட்டேன் நைனா.”

நைனா தலையை ஆட்டினார். கொஞ்சம் ஆறுதல் வந்த மாதிரிகூட இருந்தது. “அதான் நானும் சொல்றேன். அதுக்குத்தான்...”

“ஆனா வந்திருப்பேன்” என்றான் அண்ணன். “போன தடவை மட்டும் நம்பியா வந்தேன்? தந்தியைப் பார்த்ததும் மெஸ்ல அத்தினி பேரும் சிரிச்சாங்க. கல்யாணத் தேதிதான் எனக்கே தெரியுமே. பொய்னு தெரிஞ்சுதான் வண்டி ஏறினேன்.”

“தெரிஞ்சுமா வந்தே? ஏண்டா?”

“அம்மான்னு போட்டு உடனே வான்னு போட்டிருந்தீங்களே.”

நைனா மேல்துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே மாடு நடக்கும் கவலை வாரியில் உட்கார்ந்துவிட்டார். பாதி ஏறியிருந்த தண்ணீர்ச் சால் கிணற்றுக்குள் திரும்ப இறங்கிப் போயிற்று. அண்ணன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா செத்து அத்தனை நாளில் அவன் அழுததை அப்போதுதான் பார்த்தேன். நான் கொண்டுபோன சோற்றை இரண்டு பேரும் தொடவில்லை.